பாறை மேல ஒரு ஜாண் மண்ணு: டெக்சாஸ் ஹில் கன்ட்ரில மேய்ச்சல் நிலம் வாங்கினவங்களுக்கு

சான் அன்டோனியோ, ஆஸ்டின் பக்கம் இருக்கற நம்மாளுங்க நிறைய பேர் இப்ப கெர்வில், ஃப்ரெடரிக்ஸ்பர்க், ஜான்சன் சிட்டி பக்கம் 20 ஏக்கர், 50 ஏக்கர்னு நிலம் வாங்கறாங்க, வாங்கின மொத மாசமே எல்லாருக்கும் வர்ற கேள்வி ரெண்டுதான், டோசர் விட்டு இந்த செடார் மரத்த எல்லாம் தள்ளிடலாமா, எத்தன மாடு விடலாம். ரெண்டுக்கும் பதில் காலுக்கு கீழ இருக்கு. அங்க மண்ணு எத்தன இன்ச் இருக்குன்னு தெரியாம எதையுமே முடிவு பண்ணாதீங்க. நான் கெர் கவுண்டி மேற்கு பக்கம் 60 ஏக்கர் சில வருஷமா பாத்துட்டு இருக்கேன், அதுல கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன்.

மொதல்ல இந்த மண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க

இந்த மொத்த மேட்டுக்கும் எட்வர்ட்ஸ் பீடபூமின்னு பேரு. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கிரிட்டேசியஸ் காலத்துல, இது ஆழமில்லாத கடல். அந்த கடல்ல படிஞ்சதுதான் கீழ இருக்கற சுண்ணாம்புக்கல், நடந்து போனா காலடில சிப்பி மாதிரி கல்லு கிடைக்கும், அதெல்லாம் நெஜமாவே சிப்பிதான். (நம்ம அரியலூர் பக்கத்து கடல் ஃபாசில் பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது, அதுவும் கிரிட்டேசியஸ் காலத்துதான்.)

மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கற கார்பன் டை ஆக்சைட சேத்துக்கிட்டு லேசான அமிலமாகி சுண்ணாம்புக்கல்ல கரைக்குது. சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியோட போயிடும், கல்லுக்குள்ள கொஞ்சூண்டு அழுக்கா இருந்த களிமண்ணும் கரையாத சக்கிமுக்கிக் கல்லும் மட்டும் அப்படியே தங்கும். அதாவது ஒரு இன்ச் மண்ணு சேரணும்னா அத விட பல மடங்கு பாறை கரைஞ்சாகணும். நீங்க, உங்க புள்ளைங்க, பேரப்புள்ளைங்க யாரு காலத்துலயும் இது நடக்காது.

இதுக்கு முன்னாடி இங்க மண்ணு இவ்ளோ கம்மியாவும் இல்ல. கெர் கவுண்டில ஹால்ஸ் கேவ்னு ஒரு குகை இருக்கு, அதுக்குள்ள படிஞ்ச மண்ண அடுக்கடுக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அடி அடுக்குல செக்கச்செவேல்னு களிமண்ணும், ஆழமான மண்ணுல வளை தோண்டி வாழற பிராணிங்களோட எலும்பும் கிடைச்சுது. ஐஸ் ஏஜ் கடைசில இருந்து சுமார் 5,000 வருஷம் முன்னாடி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேல இருந்த தடிச்ச மண்ணு அடிச்சிட்டு போயிருக்கு. மிச்சம் இருந்ததுலயும் 1880கள்ல முள்கம்பி வேலி வந்ததுக்கு அப்புறம் மாடு, செம்மறி, வெள்ளாடுன்னு அளவில்லாம அடைச்சு மேய்ச்சதுல இன்னும் போச்சு. அதனால இப்ப உங்க கையில இருக்கறது மிச்சத்துலயும் மிச்சம்.

கம்பி எடுத்துட்டு நடங்க

வீட்ல உக்காந்து பண்ண வேண்டியது ஒண்ணுதான், வெப் சாயில் சர்வேன்னு என்ஆர்சிஎஸ் (அமெரிக்க விவசாயத் துறைல மண் பாதுகாப்ப பாக்கற பிரிவு) ஓட இலவச மேப் இருக்கு, உங்க நிலத்த சுத்தி கோடு போட்டா என்ன மண்ணுன்னு பேரோட வரும். டாரன்ட், எக்ரன்ட், ப்ராக்கெட், ஸ்பெக்னு இந்த மாதிரி பேருங்க வரும். டாரன்ட்டும் எக்ரன்ட்டும் கறுப்பு இல்லனா கரும்பழுப்பு களி, பாறைக்கு மேல 20 இன்சுக்குள்ள, நிறைய எடத்துல அதுல பாதி கூட இருக்காது, மண்ணுக்குள்ள மூணுல ஒரு பங்குக்கு மேல கல்லு. ப்ராக்கெட்னா வெளுத்த மண்ணு, கீழ மெத்து சுண்ணாம்பு, மலைய பாத்தா படிக்கட்டு மாதிரி இருக்கும். ஸ்பெக் செவப்பு. அதே பக்கத்துல எக்காலஜிக்கல் சைட்னு ஒரு தகவல் இருக்கும், டாரன்ட்டுக்கு பெரும்பாலும் லோ ஸ்டோனி ஹில்னு வரும், அதுல அந்த எடத்துல இயற்கையா என்ன புல் இருக்கணும், நல்ல வருஷத்துல எவ்ளோ வெளையும்னு எல்லாம் எழுதியிருப்பாங்க, அத கண்டிப்பா டவுன்லோட் பண்ணி படிங்க.

ஆனா மேப் பெரிய ஏரியாவுக்கு போட்டது. உங்க நிலத்துல எந்த மூலைல 4 இன்ச், எந்த பள்ளத்துல 18 இன்ச்னு அது சொல்லாது. அதுக்கு 3 அடி ரீபார் கம்பி ஒண்ணு, சுத்தியல் ஒண்ணு, வினிகர் ஒரு பாட்டில், தண்ணி பாட்டில் ஒண்ணு எடுத்துக்கோங்க. மழை பேஞ்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு போங்க, காஞ்ச களில கம்பி எறங்காது, எறங்காதத பாறைன்னு தப்பா நெனச்சுக்குவீங்க. 50 அடிக்கு ஒரு தடவ கம்பிய அடிங்க. ணங்குனு சத்தம் வந்து கை அதிர்ந்தா அது பாறை இல்லனா பெரிய கல்லு, ஒரு அடி தள்ளி இன்னும் ரெண்டு தடவ அடிங்க, அதுல எது ஜாஸ்தியோ அத எழுதிக்கோங்க. நான் மொத தடவ இத பண்ணினப்ப 60 ஏக்கர்ல பாதிக்கு மேல ஒரு ஜாண் கூட எறங்கல, ஆனா ஓடை ஓரமா ஒரு ரெண்டு ஏக்கர்ல கம்பி மொத்தமும் உள்ள போச்சு, அந்த ரெண்டு ஏக்கர் இருக்கறதே எனக்கு அன்னிக்குதான் தெரியும்.

கம்பி அடிக்கற எடத்துல எல்லாம் ஒரு பிடி மண்ணு எடுத்து தண்ணி விட்டு பெசஞ்சு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ரிப்பன் மாதிரி தள்ளுங்க. ரெண்டு இன்ச் நீளத்துக்கு ஒடையாம வந்துச்சுன்னா நல்ல களி. அப்புறம் காஞ்ச கட்டி ஒண்ணு மேல வினிகர் விட்டு பாருங்க, நுரைச்சா மண்ணுக்குள்ளயே சுண்ணாம்பு இருக்கு, டாரன்ட்டுல நுரைக்கும், எக்ரன்ட்டுல பெரும்பாலும் நுரைக்காது, ஆனா ரெண்டுலயுமே பிஹெச் பெரும்பாலும் 7க்கு மேலதான், அதாவது கார மண்ணு. அதனால யாராவது மண்ணுக்கு லைம், அதான் சுண்ணாம்புத் தூள், போடுன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. வீட்டுப் பக்கம் கறிவேப்பிலை வைக்கணும்னு ஆசப்படறவங்களுக்கும் சேத்து சொல்றேன், இந்த மண்ணுல நட்டா இரும்புச்சத்து எடுக்க முடியாம இலை மஞ்சளாயிடும், தொட்டில வேற மண்ணு போட்டு வளத்துங்க.

ஏன் ஆழம்தான் எல்லாமே

கணக்கு போட்டு பாருங்க. 10 இன்ச் மண்ணு, அதுல பாதி கல்லு, அப்ப உண்மையான களி 5 இன்ச். களிமண்ணு ஒரு இன்சுக்கு சுமார் 0.15 இன்ச் தண்ணிய செடி எடுத்துக்கற மாதிரி வச்சிருக்கும். மொத்தம் முக்கா இன்ச். ஆகஸ்ட் வெயில்ல புல்லுக்கு இது ஒரு வாரம் கூட வராது. கெர்வில் பக்கம் வருஷத்துக்கு சராசரி 30 இன்ச் பக்கம் மழை, ஆனா அது சீரா வராது, மூணு மாசம் ஒரு சொட்டு இருக்காது, அப்புறம் ஒரே ராத்திரில 6 இன்ச் கொட்டும். இந்த ஏரியாவுக்கே ஃப்ளாஷ் ஃப்ளட் அலே, அதாவது திடீர் வெள்ளம் வர்ற பாதைன்னு பேரு. 2025 ஜூலை 4 அன்னிக்கு குவாடலூப் ஆறு என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், நூத்துக்கு மேல உயிர் போச்சு. அந்த மாதிரி மழைய எந்த புல்லும் தடுக்க முடியாது, அத நான் சொல்லல. ஆனா வருஷத்துல பல தடவ வர்ற ஒரு இன்ச் ரெண்டு இன்ச் மழை நிலத்துக்குள்ள எறங்குதா இல்ல மண்ண அள்ளிட்டு ஓடுதாங்கறது முழுக்க உங்க கையிலதான் இருக்கு. ஒரு ஏக்கர்ல ஒரு இன்ச் மழைன்னா 27,000 காலன் தண்ணி.

அந்த தண்ணி எப்படி எறங்கும்? இந்த களி ஈரத்துல உப்பி காய்ச்சல்ல வெடிக்கற ஜாதி, நம்ம கரிசல் மாதிரி. வெறும் தரையா இருந்தா மழைத்துளி அடிச்சு மேல பொருக்கு கட்டிக்கும், தண்ணி வழுக்கிட்டு போயிடும். தூர் கட்டின புல்லு இருந்தா துளிய இலை வாங்கிக்கும், சருகு வேகத்த குறைக்கும், வேர் போன வழில தண்ணி எறங்கி பாறை இடுக்குக்குள்ள போகும். பாறை இடுக்குலதான் இங்க உண்மையான ஸ்டோரேஜ் இருக்கு, ஓக் மரம் வேர் எல்லாம் அங்கதான் தண்ணி குடிக்குது, அதுக்கும் கீழ போறது ஊத்தாவும் நிலத்தடி நீராவும் வெளிய வரும், சான் அன்டோனியோல நாம குடிக்கற தண்ணில பெரும்பங்கு எட்வர்ட்ஸ் அக்விஃபர்னு சொல்ற இந்த பாறைக்குள்ள இருக்கற நிலத்தடி தண்ணிதான். அதனால உங்க நிலத்துல குழி, சின்க்ஹோல் ஏதாவது இருந்தா அதுல குப்பை, செத்த ஆடு, பழைய டயர் எதுவும் போடாதீங்க. பழைய ஓனர்கள் நிறைய பேர் போட்டிருப்பாங்க, எடுத்துடுங்க. மண்ணு அதுல வடிகட்டாது, நேரா கீழ போயிடும்.

புல்லு சொல்றத கேளுங்க

மண்ணு பாத்தாச்சு, அடுத்து புல்லு. லிட்டில் ப்ளூஸ்டெம், சைட்ஓட்ஸ் கிராமா (1971ல இருந்து டெக்சாஸோட மாநிலப் புல்), இண்டியன் கிராஸ் இதெல்லாம் தூர் தூரா நின்னா நிலம் நல்லா இருக்குன்னு அர்த்தம், உங்களுக்கு முன்னாடி இருந்தவர் பொறுப்பா மேய்ச்சிருக்கார். கர்லி மெஸ்கீட், பஃபலோ கிராஸ்னு தரையோட படுத்த புல்லு மட்டும் இருந்தா ரொம்ப மேய்ச்ச நிலம், ஆனா மண்ணு நிக்குது, திருத்தலாம். த்ரீ ஆன், ரெட் கிராமா, ஹேரி ட்ரைடென்ஸ் மாதிரி ஒல்லிப் புல்லும் நடுவுல வெறும் கல்லும் கிடந்தா மேல் மண்ணு போயிட்டே இருக்கு. கல்லப் பாருங்க, கல்லோட பக்கத்துல பழைய மண் மட்டம் கறை மாதிரி தெரியும், புல்லுத்தூர் பீடம் போட்ட மாதிரி ஒசந்து நிக்கும், வேர் வெளிய தெரியும். மண்ணு அந்த ஒசரத்துல இருந்து எறங்கிருக்குன்னு அர்த்தம். மொத தடவ என் நிலத்துல அத ஸ்கேல் வச்சு அளந்தப்ப ரெண்டு இன்ச் வந்துச்சு, ஆறு இன்ச் இருக்கற எடத்துல ரெண்டு இன்ச் போயிருக்கு, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

செடார் விஷயம், டோசர் மட்டும் வேணாம்

இங்க செடார்னு சொல்றது ஜூனிப்பர். ரெண்டு வகை. ஆஷ் ஜூனிப்பர், பழம் நீலமா இருக்கும், கீழ இருக்கற பச்சைக் கிளைக்கும் கீழ வெட்டினா செத்துடும், மறுபடி தழைக்காது, மருந்து தேவையே இல்ல. ரெட்பெர்ரி ஜூனிப்பர், செவப்பு பழம், அடில இருந்து நிறைய தண்டு, இலைல வெள்ளை புள்ளியா பிசின், இத வெட்டினா அடில இருந்து திரும்ப துளிர்க்கும், இது மேற்க போகப்போக ஜாஸ்தி. வெட்றதுக்கு முன்னாடி எதுன்னு பாத்துக்கோங்க.

டோசர் வேணாம்னு ஏன் அடிச்சு சொல்றேன்னா, மரத்த தள்ளும்போது வேரோட ஒரு வண்டி மண்ணும் சேந்து வரும், 6 இன்ச் மண்ணுல அத பண்ணினா பாறை வெளிய வந்துடும், அப்புறம் குவிச்சு கொளுத்துவாங்க, அந்த எடம் வெந்து பல வருஷம் ஒண்ணும் மொளைக்காது. எனக்கு தெரிஞ்ச ஒரு நிலத்துல சரிவு முழுக்க ரெண்டே நாள்ல தள்ளினாங்க, அடுத்த மே மாச மழைல கீழ இருந்த குளம் கறுப்பு சேறா நெறஞ்சுது, அந்த குளத்துல கிடக்கறதுதான் அந்த சரிவோட மண்ணு மொத்தமும். செயின்சா, லாப்பர், இல்லனா ஸ்கிட் லோடர்ல ஹைட்ராலிக் ஷியர் வச்சு தரை மட்டத்துக்கு வெட்டுங்க. வெட்டின கிளைய எரிக்காதீங்க, வெறுந்தரை மேல பரப்புங்க, சரிவுக்கு குறுக்கா ஒரே மட்டத்துல வரிசையா போடுங்க. அது தண்ணிய நிறுத்தும், மண்ண புடிக்கும், அதுக்குள்ள மொளைக்கற புல்லையும் ஓக் கன்னையும் மான் கடிக்க முடியாது. செடாருக்கு அடில பல வருஷ சருகு மக்கி மெத்துனு கறுப்பா மண்ணு இருக்கும், உங்க நிலத்துலயே அதுதான் நல்ல மண்ணு, வெட்டின அன்னிக்கே அதுல லோக்கல் நேட்டிவ் புல் விதைய தூவி லேசா ரேக் பண்ணி விடுங்க. உழவு கிழவு எதுவும் வேணாம்.

எல்லா செடாரையும் வெட்டவும் கூடாது. வயசான ஆஷ் ஜூனிப்பர் பட்டைய உரிச்சுதான் கோல்டன் சீக்ட் வார்ப்ளர் கூடு கட்டும், அது மத்திய டெக்சாஸ்ல மட்டுமே குஞ்சு பொரிக்கற பறவை, 1990ல இருந்து அழியும் நிலை உயிரினமா சட்டப் பாதுகாப்புல இருக்கு. பெரிய மரங்க, ஓக்கோட கலந்து நிக்கற தோப்பு, செங்குத்து சரிவு, ஓடைக் கரை இதெல்லாம் தொடாதீங்க. திறந்த வெளில புதுசா ஏறி வந்திருக்கற சின்ன மரங்கதான் உங்க வேலை. ஓக் கிளை எதுவும் பிப்ரவரி 1ல இருந்து ஜூன் 30 வரைக்கும் வெட்டாதீங்க, ஓக் வில்ட் நோய பரப்பற வண்டு அப்பதான் சுத்தும், மத்த நாள்ல வெட்டினாலும் காயத்துக்கு உடனே பெயின்ட் அடிங்க. இதையும் பறவைங்க கூடு கட்டற காலத்தையும் கழிச்சா வேலைக்கு ஏத்த காலம் செப்டம்பர்ல இருந்து ஜனவரி. டிசம்பர் ஜனவரில செடார் மகரந்தம் பறக்கும், மாஸ்க் போட்டுக்கோங்க.

இதெல்லாம் நடக்குமான்னு சந்தேகம் இருந்தா ஜான்சன் சிட்டி பக்கத்துல பாம்பர்கர் ரேஞ்ச் போய் பாருங்க. டேவிட் பாம்பர்கர் 1969ல வாங்க ஆரம்பிச்ச 5,500 ஏக்கர், அப்ப அது அந்த ஏரியாவுலயே மோசமான நிலம்னு பேர் வாங்கினது, செடார வெட்டி நேட்டிவ் புல்ல கொண்டு வந்தாங்க, வத்திப் போயிருந்த ஊத்து திரும்ப ஓடுது.

எத்தன உருப்படி விடலாம்

கண்ணால பாத்து சொல்லாதீங்க, அளக்கணும். 66 இன்ச் கம்பி எடுத்து வட்டமா முடிச்சு போடுங்க, உள்பரப்பு 2.4 சதுர அடி வரும். அக்டோபர்ல, வளர்ச்சி முடிஞ்சதும், நிலத்துல பத்து பதினஞ்சு எடத்துல கண்ண மூடிட்டு வீசுங்க, விழுந்த எடத்துல வட்டத்துக்குள்ள இருக்கற புல்ல தரையோட வெட்டி பேப்பர் பைல போட்டு நல்லா காய வச்சு கிச்சன் தராசுல கிராம்ல நிறுங்க. கிராம 40ஆல பெருக்கினா ஏக்கருக்கு எத்தன பவுண்டுன்னு வந்துடும். கல்லு மேல விழுந்தா அதையும் ஜீரோன்னு எழுதணும், தள்ளி வீசக்கூடாது.

உதாரணத்துக்கு சராசரி 35 கிராம் வந்துச்சுன்னா ஏக்கருக்கு 1,400 பவுண்ட். இதுல பாதி நிலத்துக்கே விட்டுடணும், கால் பங்கு மிதிபட்டு பூச்சி தின்னு வீணாகும், கால் பங்கு மட்டும்தான் ஆடு மாட்டுக்கு, அது 350 பவுண்ட். 60 ஏக்கர்ல செங்குத்து, அடர் செடார், வெறும் பாறை எல்லாம் கழிச்சா மேய்ச்சல் 40 ஏக்கர், ஆக 14,000 பவுண்ட். 1,000 பவுண்ட் எடை மாடு ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு 26 பவுண்ட், வருஷத்துக்கு 9,490. அப்ப ஒண்ணரை மாடு! அஞ்சு செம்மறி ஒரு மாட்டுக்கு சமம்னு வச்சா ஏழு ஆடு. மழை பொய்ச்ச வருஷம் அதுவும் இல்ல. 2011 வறட்சில டெக்சாஸ் முழுக்க சுமார் 30 கோடி மரம் செத்துப் போச்சு, அந்த மாதிரி வருஷத்துல புல்லு மட்டும் எங்க இருந்து வரும். விக்கணும்னா சீக்கிரம் வித்துடுங்க, ஜூன் கடைசில மழை இல்லனா முடிவு பண்ணிடுங்க, தீவனம் வாங்கிப் போட்டு நிலத்துலயே நிறுத்தி வச்சா அந்த ஆடு கடைசி தூரையும் கடிச்சுட்டுதான் நகரும்.

மான் கணக்க விட்ராதீங்க. இங்க வெள்ளைவால் மான் ரொம்ப ஜாஸ்தி, கூடவே ஆக்சிஸ் மான்னு ஒண்ணு கூட்டமா வரும், அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊரு புள்ளிமான், 1930கள்ல இங்க கொண்டு வந்தது காடெல்லாம் பெருகிடுச்சு. வெள்ளைவால் பெரும்பாலும் தழையும் பூஞ்செடியும்தான் தின்னும், புள்ளிமான் புல்லும் நல்லா மேயும், அதனால அதையும் உருப்படியா எண்ணிக்கோங்க.

நிறைய பேர் அக் வேல்யுவேஷன், அதான் விவசாய நிலம்னு மதிப்பு போட்டு சொத்துவரி கம்மியாகறதுக்காகவே ஆடு விடறாங்க, தப்பு இல்ல, ஆனா டெக்சாஸ்ல 1995ல இருந்து வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட், அதாவது காட்டு உயிரினங்களுக்காக நிலத்த பராமரிக்கறதுன்னு ஒரு வழி இருக்கு, ஏற்கனவே அக் வேல்யுவேஷன்ல இருக்கற நிலத்துக்கு ஆடு மாடே இல்லாம அதே வரி. மண்ணு இளைச்சுப் போன நிலமா இருந்தா ரெண்டு மூணு வருஷம் அதுக்கு மாத்தி ஓய்வு குடுங்கன்னுதான் நான் சொல்வேன். கவுண்டி அப்ரைசல் ஆஃபீஸ்ல கேட்டுக்கோங்க.

மத்த சில்லறை விஷயங்க

மழை பேஞ்ச ஈரத்துல வண்டி ஓட்டாதீங்க, ஆட்டயும் சரிவுல விடாதீங்க, ஈரக் களில பதிஞ்ச டயர் தடம் அடுத்த மழைல ஓடையாயிடும். ரோடு போடணும்னா சரிவுக்கு நேரா போடாம வளைச்சு போடுங்க, நடுநடுவுல தண்ணி வெளிய போக சாய்வா மேடு வைங்க. ஏற்கனவே அரிச்ச வாய்க்கால் இருந்தா அங்க கிடக்கற கல்லயே முழங்கால் ஒசரத்துக்குள்ள கல்வரப்பா அடுக்குங்க, நடுவுல தாழ்வா, ரெண்டு ஓரமும் ஒசரமா, இல்லனா தண்ணி ஓரத்த அறுத்துடும். தண்ணித்தொட்டியும் உப்புக்கட்டியும் ஒரே எடத்துல வைக்காதீங்க. வீடு கட்டறவங்களுக்கு ஒண்ணு, இந்த ஆழத்துல சாதாரண செப்டிக் ட்ரெய்ன் ஃபீல்டுக்கு (கழிவுத்தண்ணிய மண்ணுக்குள்ள எறங்க விடற முறை) பெரும்பாலும் பெர்மிட் கிடைக்காது, காத்து செலுத்தி கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற ஏரோபிக் சிஸ்டம்தான், அந்த செலவ பட்ஜெட்ல மொதல்லயே போட்டுக்கோங்க. என்ஆர்சிஎஸ் லோக்கல் ஆஃபீஸ்ல கூப்பிட்டா ஆள் வந்து நிலத்த நடந்து பாத்து ப்ளான் எழுதித் தருவாங்க, காசு கிடையாது.

அப்புறம் நாலு எடத்துல ரீபார் நட்டு, ஒவ்வொரு அக்டோபரும் அதே ரீபார் கிட்ட நின்னு அதே திசைல போட்டோ எடுங்க. ஒரு எடத்துல நாலு அடிக்கு நாலு அடி கம்பிக் கூண்டு போட்டு ஆடு, மான் எதுவும் போகாம வைங்க, கூண்டுக்கு உள்ளயும் வெளியவும் புல்லு எப்படி வேற மாதிரி இருக்குன்னு ஒரே வருஷத்துல தெரிஞ்சிடும். நல்ல மழை வந்து நின்னதும், மின்னல் போனதுக்கு அப்புறம், பூட்ஸ் போட்டுட்டு ஓடைக்கு போங்க, ஒரு கண்ணாடி ஜாடில ஓடற தண்ணிய மோந்து தேதி எழுதி ஜன்னல்ல வைங்க. என் ஜன்னல்ல மொத வருஷ ஜாடில அடில அரை இன்ச் கறுப்பு மண்ணு இருக்கு, போன மே மாச ஜாடில ஒரு நகத்தோட தடிமன் கூட இல்ல.